காரணம் என்ற கட்டம்

பங்குனியில் வந்தபோது இது காடு.
காடு என்றால் வாலிநோக்கத்துக் கணக்கில் காடு:
வானத்தை மட்டம் தட்டி நிற்கும் உடைமரங்கள்,
இடையிடையே பனை,
மிச்சமெல்லாம் சீமைக்கருவை.
இப்போது ஆவணி.
ஜீப்பை நிறுத்திவிட்டுக் காட்டுபாவா சொல்கிறார்,
"மேடம், ஒங்க பரீட்சைப் பேப்பர யாரோ கொளுத்திட்டாங்க."

எரிந்தபின் எண்ணுவதுதான் என் வேலை.
நாலு முளைக்குச்சி, நைலான் கயிறு,
மீட்டருக்கு மீட்டர்,
அப்படி அறுபது சதுரம்.
முழங்காலில் கரி, நகக்கண்ணில் கரி,
பொட்டலத்தைப் பிரித்தால்
புளிச்சோற்றிலும் கொஞ்சம் காடு.

பனைகளில் கருகிய உயரம் அளக்க வேண்டும்.
இரண்டு நாற்பது. மூன்று பத்து.
மேலே ஓலை பச்சையாய் உரசிக்கொண்டிருக்கிறது,
கீழே நடந்ததை
இன்னும் யாரும் போய்ச் சொல்லாததுபோல.

காற்று: தென்மேற்கு என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்த பாவா "கச்சான்" என்றார்.
படிவத்தில் கச்சானுக்கு இடமில்லை.
தீ அந்தப் பெயரில்தான் வந்திருக்கிறது.
கரையை ஒட்டியே கிழக்கே ஓடி
உப்பளத்து வரப்பில் முட்டிப்
படுத்துவிட்டது.

தூரில் எந்தப் பக்கம் கருப்பு ஏறியிருக்கிறதோ
அந்தப் பக்கம் தீ போயிருக்கிறது.
நான் எதிர்ப்பக்கமாக நடந்தேன்,
மரம் மரமாக,
கருப்பு தாழ்ந்துகொண்டே வந்து
ஒரு கரிமூட்ட வட்டத்தில் முடிந்தது.

சாக்கில் கரி அள்ளிக்கொண்டிருந்தாள் நம்புத்தாய்.
என் வயதுதான் இருக்கும்.
"ஒரு பக்கம் மண்ணு சரிஞ்சிருச்சு.
புள்ளைக்குக் காச்சல்னு வீட்டுக்குப் போயிருந்தேன்.
திரும்பி வர்றதுக்குள்ள"
மீதியைக் கையால் காட்டினாள்.
நான் அறுபது சதுரத்தில் எண்ணியதை
ஒரே வீச்சில்.
பிறகு,
"எழுதுவீகளா?"

ஏழாவது கட்டம்: தீயின் காரணம்.
இடி. மின்கம்பி. மனிதர். தெரியவில்லை.
ஏதேனும் ஒன்றை மட்டும் குறிக்கவும்.
பெயர் கேட்கவில்லைதான்.
ஆனால் இடம் கேட்கிறது,
ஆறு தசமம் வரை.
ஆறு தசமத்துக்குள்
ஓர் ஆள்தான் குந்த முடியும்.

அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு
எட்டாவதுக்குப் போனேன்.

கார்த்திகை.
மழைத்தண்ணீர் வண்டித்தடத்தில் நிற்கிறது.
சீமைக்கருவை வெட்டுத்தூரிலிருந்து
பத்தும் பதினைந்துமாய் எழுந்துவிட்டது,
அது யாரையும் கேட்காது.
இருபத்திமூன்றாம் சதுரத்தில்
உடை நாற்று பதினேழு!
இரண்டு முறை எண்ணினேன்,
முள் இன்னும் முள்ளாகாத பதினேழு.
எரியாத சதுரங்களில் ஒன்று, இரண்டு.
சூட்டில் விதையோடு விரிந்திருக்கலாம்.
ஆட்டுப் புழுக்கையில் வந்திருக்கலாம்.
'லாம்' வரைக்கும்தான் எனக்குச் சம்பளம்.

மூட்டம் இருந்த வட்டத்தில் ஒன்றுமில்லை.
மண் செங்கல்லாய் வெந்து கிடக்கிறது.
ஒன்றுமில்லை என்பதையும்
ஒரு கட்டத்தில் எழுதத்தான் வேண்டும்.

தெற்கே புகை, வெள்ளையாய், ஈரமாய்.
நம்புத்தாய் வேறு மூட்டம் போட்டிருக்கிறாள்.
இந்தமுறை பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர்,
சேலையில் கட்டிய தூளி.
என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை.

'படிவம் முழுமையடையவில்லை'
என்று போன் சிவப்பாய்க் காட்டுகிறது.
'மனிதர்' என்று குறித்தேன்.
பிறகு கடைசி மூன்று தசமத்தை அழித்தேன்.
இப்போது அந்தப் புள்ளிக்குள்
நூறு மீட்டர் கொள்கிறது:
பழைய மூட்ட வட்டங்கள் மூன்று,
சாய்ந்த மின்கம்பம் ஒன்று,
ஆடு மேய்ந்த தடம்,
ஜீப், நான்.

பாவா பீடியை மணலில் அழுத்துகிறார்.
இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து
அணைந்ததா என்று
விரலால் தொட்டுப் பார்க்கிறார்.